வெறும் வயிற்றில் ஒரு பேட்டரி

என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், காரணம் சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சம் இல்லை. தள்ளிவிடத்தான் ஆள் கிடையாது. கிக்கர் இல்லாத மாடல் அது. பட்டனை அமுக்கினால் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் தெருமுனை இறக்கம் வரை தள்ளிக்கொண்டு போய், ஓடவிட்டுக் கியர் போட்டு உயிர் கொடுக்க வேண்டும். நான் ஹெல்மெட்டும் ஐஸ் பெட்டியுமாகத் தள்ளுவேன். வாசலுக்கு ஒரு நிபுணர் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார்.

"லேடீஸ் கையில வண்டி இருந்தா பேட்டரி தாங்காதும்மா. ஸ்டார்ட்டரை விடாம அமுக்குவீங்க" என்றார் மேல்வீட்டுக்காரர். பேட்டரிக்கு ஆண், பெண் பார்க்கத் தெரியும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் அவருக்கு ஒரு படி மேல். "நீ சாவியை ஆன்லயே விட்டிருப்ப" என்றார். சாவி என் கையில் இருந்தது. ஆனில் இருக்கும்போது சாவியை உருவவே முடியாது என்று செய்துகாட்டினேன். "அப்ப வேற ஏதாவது பண்ணியிருப்ப" என்றார். இந்த மனிதர் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பார்க்கிறார், பஸ்ஸில் போகிறார், பஸ்ஸில் வருகிறார். மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்தால்கூடக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனாலும் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம்.

பேட்டரிக் கடைக்காரருக்குத் தெரிந்த நோய் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். "பேட்டரி அவுட்டு, புதுசு போடுங்க." போட்டேன். புதுசும் ஒரு வாரத்தில் படுத்துக்கொண்டது. திரும்பப் போய் நின்றால், "உங்க வீட்டுப் பக்கம் ஈரம் ஜாஸ்தியோ?" என்று கேட்டார். ஈரம் அவர் மூளையில் இருந்தது. என் வண்டி நிற்பது கூரை போட்ட காய்ந்த நடைவழியில்.

எனக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. நான் ரத்தம் எடுக்கிறவள். ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகக் காலையில் வீடு வீடாகப் போய் ஊசி குத்தி, குழாய்களில் ரத்தம் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை. எங்களுக்குக் காலை நேரம்தான் எல்லாம். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படாமல் ஆட்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். பசித்தவன் முன்னால் தாமதமாகப் போய் நின்று பாருங்கள், அவன் பேசுகிற பேச்சு தெரியும். பேசினால்கூடப் பரவாயில்லை. சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா, நான் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறக்க எழுந்திருக்க முடியாமல் நாற்காலியில் வியர்த்து நனைந்து கிடந்தார். வண்டி ஸ்டார்ட் ஆகாததால் வந்த வினை. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. நெட்டையான ஆள், வாசலில் நின்று எல்லோருக்கும் மணி சொல்வதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை. அந்த அம்மா வீட்டிலிருந்து புகார் வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா அன்னியோட சரி. காலை ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

காலை ரூட் போனால் எனக்கு அங்கே வேலையே இல்லை.

"வண்டி ஸ்டார்ட் ஆகலை சார்" என்றேன்.

"எல்லாரும் சொல்ற கதை. கம்பெனி செலவுல உங்க எல்லாருக்கும் ஃப்ரீயா வண்டி சர்வீஸ் பண்ணிக் கொடுத்தோம். அப்பறமும் இந்தக் கதைன்னா எப்படி? போன மாசம் சோடாபுட்டியும் இதையேதான் சொன்னார். எங்க இருக்கார் இப்போ?"

சோடாபுட்டி வீட்டில் இருந்தார். எங்களோடு வேலை பார்த்த மனிதர், கண்ணில் கனத்த கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். தாமதம், தாமதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று என்னிடம், "வேலை போனதுகூடப் பரவாயில்லை. வண்டி கிளம்பலைன்னு சொன்னா வீட்டுல நம்பமாட்டேங்கறா. சோம்பேறிங்கறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது நான் என்று தெரிந்துவிட்டது. நிபுணர்களை நம்பியது போதும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். என் தொழிலில் ஒருவரின் முகத்தைப் பார்த்து நோய் சொல்கிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. ரத்தம் எடு, அளந்து பார், பிறகு பேசு. சர்க்கரை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ராத்திரி முழுக்க வாயைக் கட்டிவிட்டுக் காலையில் வெறும் வயிற்றில் பார். பேட்டரிக்கும் அதையே செய்தால் என்ன?

அளக்க மல்டிமீட்டர் வேண்டும். அது என் கொழுந்தனிடம் இருந்தது. அவன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிற போனில் பாதி அவன் கையில் உயிர்விடும், மீதி அதுவாகவே பிழைத்துக்கொள்ளும்.

"அண்ணி, இது குத்தற ஊசி இல்ல, மீட்டர்" என்று சிரித்தான்.

"உன் கையில இருக்கறவரைக்கும் அது வெறும் டப்பாதான். கொடு" என்று வாங்கிக்கொண்டேன். சார்ஜரும் அவனுடையதுதான்.

சாயங்காலம் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி அளந்தேன். பிறகு அதன் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கிவைத்தேன். இனி வண்டியில் எதுவும் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. காலையில் அளந்தால் இம்மியும் இறங்கவில்லை. ஒயரை மாட்டிப் பட்டனைத் தொட்டேன், வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. ஆக, பேட்டரிக்கு ஒரு நோயும் இல்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனையில் அது தேறிவிட்டது. ராத்திரியில் யாரோ அதன் ரத்தத்தை உறிஞ்சுகிறார்கள்.

"அப்ப தினமும் ராத்திரி கழட்டி, காலையில மாட்டிக்கோ. தீந்துது பிரச்சினை" என்றார் வீட்டுக்காரர். வீட்டில் திருடன் புகுந்தால் சாமான்களை எல்லாம் தெருவில் வைத்துவிடு என்று சொல்கிற யோசனை இது.

அன்று நான் எல்லா வீட்டையும் முடித்து, நேரத்துக்கு முன்பே பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டேன். மணிக்கூண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நேத்து வண்டியை எங்கயாவது ரிப்பேருக்கு விட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த மனிதருக்கு என் வண்டிமேல் எப்போது கரிசனம் வந்தது என்று யோசித்தேன். பிறகு வேலையில் மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவு. நடைவழியில் சீட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்கக் கொழுந்தன் வந்தான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டினார்கள். காப்பி மட்டும்தான் குறை, அதையும் கேட்டார்கள். எழுந்து போய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை மாட்டினேன். வண்டி அணைந்திருக்கிறது, சாவி என் மடியில் இருக்கிறது. அப்போது மீட்டரில் ஏறக்குறைய எதுவும் ஓடக்கூடாது. ஓடியது, ஒரு சின்னப் பல்பு எரிகிற அளவுக்கு. தினமும் ராத்திரி முழுக்க ஓடினால் இந்தப் பேட்டரிக்கு அது போதும்.

"எதுல போகுதுன்னு பாக்க ஃபியூஸை ஒண்ணொண்ணா எடுக்கணும் அண்ணி" என்றான் கொழுந்தன், தானே கண்டுபிடித்தவன் மாதிரி. நான் ஏற்கனவே முதல் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தேன். விளக்குக்குப் போகிற ஃபியூஸ், ஹாரன் ஃபியூஸ், கடைசியில் மொத்த வண்டிக்கும் தலையான மெயின் ஃபியூஸ். எல்லாம் என் மடியில் வரிசையாகக் கிடந்தன. மீட்டரில் எண் நகரவே இல்லை.

"மீட்டர் கெட்டுப்போச்சு. நீங்க தொட்டீங்கல்ல" என்றான்.

"வாயை மூடு. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் போகுதுன்னா, ஃபியூஸுக்கு முன்னாடியே எவனோ பைப் போட்டு உறிஞ்சறான். நேரா பேட்டரியில."

பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத் துடைத்துப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த தடித்த சிவப்பு ஒயருக்கு அடியில், குரங்குக் குட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு இன்னொரு மெல்லிய ஒயர். மேலே புதுக் கறுப்பு டேப். பேட்டரிக் கடைக்காரர் இதைக் கழற்றித்தான் புதுப் பேட்டரிக்கு மாட்டியிருக்கிறார். என்ன ஏது என்று கேட்கவில்லை, கண்ணில் பட்டதைச் சொல்லவும் இல்லை. ஈரத்தை மட்டும் பார்த்தார்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பின்சக்கர மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவிலிருந்த சந்தில் தீப்பெட்டி அளவு ஒரு கறுப்பு டப்பா வந்தது. ஒயரைக் கழற்றினேன். மீட்டரில் எண் விழுந்து பூஜ்ஜியம் ஆனது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த எண்ணை முத்தமிட்டிருப்பேன். என் மேல் தப்பு இல்லை. ஸ்டார்ட்டர், சாவி, ஈரம், பெண் ஜன்மம், எதன் மேலும் தப்பு இல்லை.

கொழுந்தன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். உள்ளே சிம் கார்டு இருந்தது. முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணி, இது டிராக்கர். வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு போன்ல பாக்கலாம். உங்க நடைவழியில கூரை இருக்கறதால சாட்டிலைட் சிக்னல் கிடைக்காது. அதான் ராத்திரி பூரா சிக்னலைத் தேடித் தேடிப் பேட்டரியைக் குடிச்சிருக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தியமா நான் இல்லடி. எனக்கு எதுக்கு இது?"

இத்தனை வருஷத்தில் இந்த மனிதரின் முட்டாள்தனத்தை நான் சகித்திருக்கிறேன், சந்தேகத்தைச் சகிக்கமாட்டேன். ஆனால் அடுத்த நிமிஷமே எனக்குத் தெளிந்தது. வீட்டில் பல்பு மாற்றவே தம்பியைக் கூப்பிடுகிறவர், என் வண்டியைத் திறந்து ஒயர் இழுத்து டேப் சுற்றியிருப்பாரா? ஒருத்தியைச் சந்தேகப்படக்கூடக் கொஞ்சம் கைவேலை தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது என் போன் அடித்தது. மணிக்கூண்டு. ஞாயிற்றுக்கிழமையில்.

"ஏம்மா, வண்டிக்கு என்ன ஆச்சு? பவர் கட்டுன்னு வருதே?"

"எங்க சார் வருது?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஃப்ரீ சர்வீஸ்! ஊழியர் நலன் என்று போர்டு எழுதி வைத்து, எங்கள் எல்லோருடைய சாவியையும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் துடைத்த வண்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாங்களும் நன்றி சொன்னோம். அதற்குப் பிறகுதான் எங்கள் வண்டிகள் நிற்கிற ஷெட்டில் பாதிப் பேர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிறார்கள். தூரமாகப் போகிறவர்கள் வண்டிக்கு ஓடும்போதே திரும்பச் சார்ஜ் ஏறிவிடும், அதனால் பிழைத்தார்கள். தெருவுக்குத் தெரு நிறுத்தி எடுக்கிற என்னையும் சோடாபுட்டியையும் போன்றவர்கள்தான் மாட்டினோம்.

திங்கட்கிழமை வண்டி தொட்டதும் கிளம்பியது. ஒரு வீட்டிலும் ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. சர்க்கரை அம்மா, "இன்னிக்கு என்ன அதிசயம்?" என்று சிரித்தார். பெட்டியை ஒப்படைத்துவிட்டு நேராக மணிக்கூண்டின் கண்ணாடி அறைக்குப் போய், டப்பாவை மேஜைமேல் வைத்தேன்.

முதலில் அது என்னவென்றே தெரியாது என்றார். பிறகு, "அது கம்பெனி சொத்து, உங்களை யாரு கழட்டச் சொன்னது?" என்றார். தெரியாத பொருளுக்கு இவ்வளவு சீக்கிரம் சொந்தம் கொண்டாடிய ஆளை நான் பார்த்ததில்லை.

"எதுக்கு சார் மாட்டினீங்க?"

"நீங்கள்லாம் ஏன் லேட்டா வர்றீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான். இதோ பாருங்க." கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். வரைபடத்தில் என் வீடு, அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. "வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துல வண்டி வீட்டுலயே நிக்குது. ஆதாரம் இருக்கு. நான் சும்மா சொல்லலை."

"நிக்காம என்ன சார் பண்ணும்? நீங்கதான் ராத்திரி பூரா பேட்டரியைக் குடிச்சுட்டீங்களே!"

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தாமதம் ஏன் என்று பார்க்க ஒரு டப்பா. அந்த டப்பாவால் தாமதம். தாமதத்துக்குச் சாட்சியும் அதே டப்பா. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குதிரை குழிக்குப் பக்கத்தில் நின்று நான் விழுந்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறது. இந்த மூளையை நம்பித்தான் ஊராரின் ரத்தம் இந்தக் கட்டடத்துக்கு வருகிறது.

புரிந்ததும் குரல் இறங்கியது. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"சரி, ஆனது ஆச்சு. உங்க மேல இருக்கற வார்னிங்கை எடுத்துடறேன். காலை ரூட் உங்களுக்குத்தான், யாரும் கை வைக்கமாட்டாங்க. நீங்களும் இதை வெளிய பேச வேண்டாம். உங்க வண்டிக்கு மட்டும் ராத்திரி அணைக்கற மாதிரி ஒரு சுவிட்ச் வச்சு மாட்டிக்கலாம்."

எனக்கு ஆசையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும். கண்ணாடி வெட்டுகிற சம்பளத்தில் வீட்டில் பாதி மாதம்தான் அடுப்பு எரியும். தலையாட்டினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். தலையாட்ட இருந்தவள், அதற்கு முன்னால் ஒன்று கேட்டேன்.

"சோடாபுட்டி வண்டியிலயும் மாட்டினீங்களா?"

"அவர் போயிட்டாரே. முடிஞ்சுபோன கதையை எதுக்குக் கிளறணும்?" என்று சொல்லி, மேஜைமேலிருந்த டப்பாவை விரலால் என் பக்கம் தள்ளினார்.

அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். மதிய ரூட்டுக்கு ஆட்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவரான சாம்பிள் அக்கா தன் வண்டியைத் தள்ளத் தயாராகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, தள்ளாதீங்க. சீட்டைத் தூக்குங்க."

விஷயத்தைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. அக்காவின் சீட்டுக்கு அடியிலிருந்து அதே டப்பாவை இழுத்துக் காட்டினேன். அவ்வளவுதான், ஷெட்டில் எல்லாச் சீட்டும் எழும்பியது. ஒவ்வொரு ஒயரைப் பிடுங்கும்போதும் கண்ணாடி அறையில் மணிக்கூண்டின் போன் கத்தியது. அவர் ஓடிவந்தபோது அவர் கையில் அது இன்னமும் கத்திக்கொண்டிருந்தது.

"நாளையிலேருந்து உங்களுக்கு வேலை இல்லை" என்றார் என்னிடம்.

"எதுக்கு சார்? லேட்டா வந்ததுக்கா, இன்னிக்கு நேரத்துக்கு வந்ததுக்கா?"

மற்றவர்கள் எனக்காக ஏதாவது பேசுவார்கள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அக்கா மட்டும் தன் டப்பாவை அவர் கையில் திணித்து, "இதுக்குப் பதிலா எனக்கு வண்டி தள்ள ஒரு ஆளை வைங்க" என்றார். மற்றவர்கள் டப்பாக்களைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். அக்கா மட்டும் கடைசியாக ஒரு தடவை தள்ளினார், மற்ற வண்டியெல்லாம் பட்டனைத் தொட்டதும் கிளம்பியதுதான் வேடிக்கை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையும் இல்லை.

மறுநாள் காலை என் வண்டியும் அப்படித்தான் கிளம்பியது. போக வீடு இல்லை, குத்தக் கை இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நடைவழியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சோடாபுட்டி வீட்டுக்கு விட்டேன்.

அவர் பனியனோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "யாரு? வேலை வெட்டி இல்லாதவர் வீட்டுக்குக் காலங்காத்தால யாரு வர்றது?" என்று கேட்பது வாசல் வரை வந்தது. அவர் கேட்காத மாதிரி சிரித்தார். வண்டி சுவரோரமாகத் தூசி படிந்து நின்றது. டயரில்கூடக் காற்று இல்லை.

"சீட்டைக் கழட்டுங்க" என்றேன்.

"எதுக்குங்க? அது பழைய வண்டி. அதுல ஒண்ணும் இல்ல."

நானே கழற்றினேன். அதே சந்து, அதே டேப், அதே டப்பா. அவர் உள்ளங்கையில் வைத்து, எதனால் வண்டி கிளம்பவில்லை, யார் மாட்டினது என்று நிதானமாகச் சொன்னேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அப்ப நான் சொன்னது நிஜம்தானேங்க?" என்று கேட்டார், அதை அவரே இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி.

"நிஜம்தான்."

அவர் என்னை அங்கேயே விட்டுவிட்டு, டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏய், இங்க வா, வந்து இதைப் பாரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.